நுண்ணாடி லிடார்

நுண்ணாடி லிடார் என்பது, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஆடியை அசைத்து லேசர் கற்றையைத் திசைதிருப்பி, சுற்றியுள்ள பொருள்களின் தொலைவை அளக்கும் கருவி ஆகும். சுழலும் வகை லிடாரில் லேசர்களும் உணரிகளும் ஒன்றாகச் சுழலும். இதில் ஆடி மட்டுமே அசையும்.

செயற்பாடு

லேசர் துடிப்பு பொருளில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தொலைவு கணக்கிடப்படுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்லும். பாதை போய்வருவது என்பதால், ஒரு நானோ நொடிப் பிழை 15 செ.மீ. பிழையாகும்.

சிலிக்கானில் செதுக்கப்பட்ட ஆடியை மெல்லிய பட்டைகள் தாங்குகின்றன. நிலைமின் விசை அல்லது காந்த விசை அதைச் சாய்க்கிறது. ஆடி 10° சாய்ந்தால் எதிரொளித்த கற்றை 20° திரும்பும். ஆடியை அதன் இயல் அதிர்வெண்ணில் இயக்கினால், குறைந்த மின்திறனிலேயே பெரிய சாய்வு கிடைக்கும். பொதுவாக ஓர் அச்சில் விரைவாகவும் மற்றதில் மெதுவாகவும் அசைத்து, காட்சி வரி வரியாக வருடப்படுகிறது.

வரம்புகள்

ஆடி சிறிதானால் விரைந்து அசையும். ஆனால் கற்றை அதிகம் விரியும். திரும்பிவரும் ஒளியும் இதே ஆடி வழியாக வந்தால், குறைவாகவே உணரியை அடையும். ஆடி பெரிதானால் தொலைவு கூடும். வேகம் குறையும், அதிர்வுகளாலும் எளிதில் பாதிக்கப்படும். கண் பாதுகாப்புக் கருதி லேசர் திறனையும் விரும்பியபடி உயர்த்த இயலாது.

எடுத்துக்காட்டு

2007 ஆம் ஆண்டின் தார்ப்பா தானோட்டி ஊர்திப் போட்டியில் பயன்பட்ட வெலோடைனின் சுழலும் லிடார் ஏறத்தாழ 13 கிலோகிராம் எடையுள்ளது. 2019 இல் அறிவிக்கப்பட்ட இன்டெல் எல்515 நுண்ணாடி லிடாரின் எடை ஏறத்தாழ 100 கிராம். ஆயினும் அதன் எல்லை 9 மீட்டரே; அது அறைக்குள் பயன்படுத்துவதற்கென உருவாக்கப்பட்டது.