எந்த உலகத்தில் விளையாடலாம்?

அம்பத்தூர் ஏரித் தண்ணீர் ஒரே ராத்திரியில் மாயமாகிவிட்டது! சேற்றுக்கு நடுவே ஒரு கல் கதவு தெரிகிறது. நீங்கள் மந்திரவாதி. உங்கள் தோழி வில் வீராங்கனை. கதவைத் திறப்பீர்களா? ஓடிப்போய் ஊரைக் கூட்டுவீர்களா?

நீங்கள் பதில் சொன்னால்தான் கதை நகரும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நான்கைந்து பேர் விளையாடும் கதாபாத்திர விளையாட்டு இப்படித்தான் இருக்கும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கதவு திறந்ததா, பூதம் பிடித்துக்கொண்டதா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை சொல்லிவிடும். நம்ம தாயக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம்!

இவற்றில் ரொம்பப் பிரபலமானது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி, 1974-ல் வெளிவந்தது.

சரி, கதை நடக்க ஓர் உலகம் வேண்டாமா? வரைபடம், ஊர்கள், ராஜாக்கள், அரக்கர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, புத்தகமாகவே விற்கிறார்கள். சில உலகங்களை எட்டிப் பார்ப்போமா?

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்: கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட், சிறுவனாக இருந்தபோதே கற்பனை செய்யத் தொடங்கிய உலகம். 1987-ல் விளையாட்டுக்காக வெளிவந்தது. கோட்டை, காடு, டிராகன் எல்லாம் உண்டு. ஆனால் நாவல்களும் பெயர்களும் ஏராளம்!

எபெரான்: புது உலகம் தேடி 2002-ல் ஒரு போட்டி வைத்தார்கள். வந்து குவிந்தவை 11,000-க்கும் மேல்! ஜெயித்தவர் கீத் பேக்கர். அவருடைய உலகம் 2004-ல் புத்தகமானது. இங்கே மந்திர சக்தியில் ரயில் ஓடும். போருக்காகச் செய்யப்பட்ட உயிருள்ள இயந்திர மனிதர்கள், போர் முடிந்ததும் பிழைக்க வழி தேடுவார்கள். தொழிற்பேட்டையின் லேத் சத்தம் கேட்டு வளரும் அம்பத்தூர் பிள்ளைகளுக்கு இவர்களைச் சட்டென்று பிடித்துப்போகும்.

டார்க் சன்: 1991-ல் வந்த பாலைவன உலகம். மந்திரத்தைக் கண்டபடி பயன்படுத்தினால் சுற்றியுள்ள செடிகள் செத்து, மண் சாம்பலாகும். தண்ணீருக்குத் தங்கத்தின் மதிப்பு. 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை வீட்டில் கேளுங்கள், இந்த உலகம் புரிந்துவிடும்! பெரியவர்களுக்கான விஷயங்களும் இதில் உண்டு. அதனால் அப்பா, அம்மாவிடம் முதலில் காட்டுங்கள்.

சங்கபூமி: வங்காளத்தை மனதில் வைத்து, கொல்கத்தாவில் பிறந்த மிமி மொண்டால் படைத்த நாடு. 2022-ல் 13 சாகசங்களோடு வந்த ஒரு தொகுப்பில் இருக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

அழகான படத்தையோ தடிமனான புத்தகத்தையோ பார்த்து ஏமாறாதீர்கள். விளையாட வந்த ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. இந்த உலகத்தில் நீ யாராக இருக்க ஆசை?
2. புத்தகம் படிக்காமலே உன்னால் விளையாட முடியுமா?
3. உனக்குப் பயமோ வருத்தமோ தரும் விஷயம் இதில் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருந்தால் அதுதான் உங்கள் உலகம்! மூன்றாவதற்கு ஒருவர் "ஆமாம்" என்றாலும் அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று அண்ணன் கேலி செய்து, தங்கச்சி எழுந்து போய்விட்டால், அது எவ்வளவு பெரிய உலகமாக இருந்து என்ன பயன்?

புத்தகங்களின் விலை அதிகம்தான். ஆனால் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உலகத்தை நீங்களே ஒரு நோட்டில் வரையலாம். கிரீன்வுட்டும் சின்னப் பையனாகத்தானே ஆரம்பித்தார்!

அம்பத்தூர் ஏரியில் அந்தக் கல் கதவு இன்னும் மூடித்தான் கிடக்கிறது. பகடையை உருட்டுங்கள்!