காலண்டர் கடவுள்களின் கர்த்தா

கரமனை அக்ரகாரத்துப் பூஜை அறையோ கோவில்பட்டி டீக்கடையோ, காலண்டரில் லட்சுமியின் முகம் ஏறக்குறைய ஒன்றுதான்: சிவந்த கன்னம், லேசான புன்னகை, ஜொலிக்கும் நகைகள். அந்த முகத்தை தென்னிந்தியாவுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் சி. கொண்டைய ராஜு (1898-1976).

சென்னை ஓவியப் பள்ளியில் படித்த ராஜு, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தார். அந்தப் பிழைப்புதான் அவரைக் கோவில்பட்டியில் கொண்டுவந்து சேர்த்தது. அங்கேயே தங்கி, சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள். ஒரு படம் லட்சம் வீடுகளுக்குப் போக வேறென்ன வேண்டும்?

வழிகாட்டி திருவிதாங்கூர்காரர். கிளிமானூர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தெய்வங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்திருந்தார். ஆனால் ரவிவர்மா அரச குடும்பத்தோடு உறவுள்ளவர். அருங்காட்சியகங்கள் அவரை அரவணைத்தன. காலண்டர் ஓவியருக்கு அந்த மரியாதை எளிதில் கிடைப்பதில்லை.

மெக்சிகோவின் போசாதாவுக்கும் இதே கதைதான். மலிவு விலைத் தாள்களுக்கு எலும்புக்கூடுகளை வரைந்து தள்ளிய அவர் 1913இல் வறுமையில் இறந்தார். பின்னர் டீகோ ரிவேரா, 1947 சுவரோவியத்தில் அவரைத் தன் சிறுவயது உருவத்தின் அருகே நிறுத்தினார். அதற்குள் மெக்சிகோ அவரைத் தன் கலைஞராக ஏற்றிருந்தது.

ராஜு தன் படங்கள் பலவற்றில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரையும் சேர்த்தே கையெழுத்திட்டார். வருடம் முடிந்தால் தேதித் தாள் தீர்ந்துவிடும். சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராது, சட்டம் போட்டு மாட்டுவார்கள். தினமும் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கையெழுத்தைப் படித்திருப்பார்கள்?