குடியேறியோர் தெரு

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் பிரிக் லேன் என்றொரு தெரு உண்டு. அதன் மூலையில் நிற்கும் செங்கல் கட்டடமொன்று 1743-ம் ஆண்டில் பிரெஞ்சு புராடெஸ்டண்டுகளின் ஆலயமாக எழுப்பப்பட்டது. 1819-ல் மெதடிஸ்டுகளிடமும், 1898-ல் யூதர்களிடமும் சென்று, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக விளங்கி வருகிறது. பிற நாட்டிலிருந்து வந்தோர் ஒருவர்பின் ஒருவராக அங்கே தொழில் நடத்திய வரலாறு இக்கட்டடத்தில் அடங்கியிருக்கிறது. நம் அங்கத்தினர்களுள் தறியை நம்பி வாழ்பவர் மிகப் பலர். ஆதலால், முதலில் வந்த பட்டு நெசவாளரைப் பற்றியே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

பிரான்சில் புராடெஸ்டண்டுகளுக்கு இருந்துவந்த மத உரிமையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685-ல் ரத்துச் செய்தார். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட அம்மக்களுள் நாற்பது ஐம்பதினாயிரம் பேர் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தனர். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவர்களால்தான் அந்நாட்டில் வழக்கிற்கு வந்தது. பட்டு நெசவு அறிந்தோர், நகர மதிலுக்கு வெளியே ஏற்கெனவே நெசவாளர் வாழ்ந்துவந்த ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியை நாடினர். மதிலுக்குள் இருந்த தொழிற்குழுக்களின் கெடுபிடி அங்கே குறைவு. மேல்மாடியில் தறி, வெளிச்சத்திற்காக நீண்ட சன்னல்கள், பக்கத்திலே கூண்டில் ஒரு பாடும் பறவை. அவர்கள் நெய்த பூவேலைப் பட்டு சீமாட்டிகளின் உடையாயிற்று.

இவர்களது தொழிலுக்கு வந்த முதற் போட்டி எது தெரியுமா? நம் நாட்டுத் துணிதான்! சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன அச்சடித்த பருத்தித் துணியை லண்டன் மாதர் விரும்பி அணிந்தனர். நெசவாளர் 1697-ல் கம்பெனியின் அலுவலகத்தையே தாக்கினர். 1719-ல் அத்துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தனர். 1721-ல் அதை உடுத்துவதற்கே தடைச் சட்டம் பிறந்தது. தஞ்சம் கிடைத்த தெருவிலேயே அயல்நாட்டுத் துணிக்கு இடமில்லை என்ற கூக்குரல் எழுந்ததை என்னென்பது! ஆயினும் தறி நின்றால் அடுப்பு எரியாது என்பதை நாம் அறிவோம். அவர்களை முற்றிலும் குறைகூற மனம் வரவில்லை.

அதனினும் கொடிய சண்டை தறி வீட்டுக்குள்ளேயே மூண்டது. பட்டு நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளியும் நெய்பவரும் பல இடங்களில் ஒரே இனத்தவர், ஒரே ஆலயத்தில் தொழுபவர். ஆயினும் தொழில் மந்தமானபோது கூலி குறைந்தது. குறைந்த கூலிக்கு நெய்தவரின் தறியிலிருந்த பட்டை இரவில் சிலர் அறுத்தெறிந்தனர். அக்குற்றத்திற்காக 1769 டிசம்பரில் இரு நெசவாளர் தூக்கிலிடப்பட்டனர்.

அதன் பின்னர் 1773-ல் கூலிச் சட்டம் வந்தது. நெசவுக் கூலியை நீதிபதிகள் நிர்ணயிப்பார்கள். குறைத்தோ கூட்டியோ கொடுக்கும் முதலாளிக்கு 50 பவுன் அபராதம். இச்சட்டம் அரை நூற்றாண்டு நிலைத்தது. ஆனால் அது லண்டன் வட்டாரத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. எனவே முதலாளிகள் பலர் எஸ்ஸெக்ஸ் போன்ற வெளி மாவட்டங்களுக்கு வேலையைக் கொண்டுபோயினர். வேலி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஆடு மறுபக்கம் போவது இயல்பன்றோ? 1824-ல் சட்டம் நீக்கப்பட்டது, கூலி சரிந்தது. 1860-ல் பிரெஞ்சுப் பட்டின் மீதிருந்த தீர்வையும் போகவே, அப்பகுதியில் எஞ்சியிருந்த தறிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

1881-க்குப் பின் ருஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் அதே தெருக்களில் தையல் இயந்திரங்களை வைத்தனர். அங்கும் சிறு முதலாளியும் தொழிலாளியும் ஒரே இனத்தவரே. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாகக் குறைக்கவேண்டும் என்று 1889-ல் தையற்காரர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால், அதற்குமுன் அவர்கள் பட்ட பாட்டை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

யூதர்கள் மெல்ல வடக்கே குடிபெயர, சில்ஹெட் வங்காளிகள் வந்தனர். இவர்களுடைய முன்னோடிகள் கப்பல் தொழிலாளர். ஆடை, தோலுடைப் பட்டறைகளில் உழைத்ததோடு உணவகங்களும் திறந்தனர். பிரிட்டனில் ‘இந்திய உணவகம்’ என்ற பெயர்ப்பலகை தாங்கியவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தி வந்தோர் இவர்களே. 1978 மே 4-ந் தேதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய ஆல்தாப் அலி என்னும் இளம் ஆடைத் தொழிலாளி இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து அவர் சவப்பெட்டியின் பின்னே ஆயிரக்கணக்கானோர் பிரதம மந்திரியின் இல்லம்வரை ஊர்வலமாகச் சென்றனர். அவர் கொல்லப்பட்ட இடத்தருகே உள்ள பூங்காவிற்கு 1998-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது.