சூடா, குளிர்ச்சியா? செல்லப்பிராணியின் தட்டில் இரு மரபுகள்

வீவக வீடுகளில் பூனை வளர்க்க நீண்டகாலமாக இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். செல்லப்பிராணி வீட்டுக்கு வந்ததும் எழும் முதல் கேள்விகளில் ஒன்று, அதற்கு என்ன உணவு கொடுப்பது என்பதுதான்.

சிங்கப்பூரில் இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, பாரம்பரிய சீன மருத்துவத்தின் உணவுச் சிகிச்சை. மற்றொன்று, ஊட்டச்சத்து அறிவியல்.

உணவின் குணம்

நோயை முதலில் உணவால் சரிசெய்ய முயலவேண்டும், அது பலிக்காவிட்டால் மருந்தை நாடவேண்டும் என்று வலியுறுத்தியவர் 7ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சுன் சிமியாவ். அந்த மரபு, உணவுப் பொருள்களை வெப்பமானவை, குளிர்ச்சியானவை, இரண்டுக்கும் இடைப்பட்டவை எனப் பிரிக்கிறது. ஆட்டிறைச்சி, கோழி, இஞ்சி ஆகியவை வெப்பப் பக்கம். வாத்து, முயல், பச்சைப்பயறு ஆகியவை குளிர்ச்சிப் பக்கம். பன்றி இறைச்சி நடுநிலை.

மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமானதன்று. இதே முறையைச் சில கால்நடை மருத்துவர்கள் விலங்குகளுக்கும் பயன்படுத்துகின்றனர்.

ஒரே மாற்றம், இரு விளக்கம்

தோல் சிவந்து ஓயாமல் சொறியும் நாயை எடுத்துக்கொள்வோம். சீன மரபு இதை உடல்சூடு என்று கருதி, கோழியை நிறுத்தி வாத்து கொடுக்கச் சொல்லலாம். நாய்க்கு அரிப்பு குறைந்தும் போகலாம்.

அறிவியல் இதற்கு வேறு காரணம் கூறும். நாய்களுக்கு ஒவ்வாமை உண்டாக்கும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்களுடன் கோழியும் முன்னணியில் உள்ளது. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதை நிறுத்தினாலே அரிப்பு தணியும்.

விளக்கம் எதுவானால் என்ன என்று விட்டுவிட முடியாது. நாய்க்குப் பிரச்சினை மாட்டிறைச்சி என்றால், கோழியை மாற்றிப் பயனில்லை. அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் குறைந்தது எட்டு வாரங்களுக்குப் புதிய உணவை மட்டும் கொடுத்து, பிறகு பழைய உணவை மீண்டும் கொடுத்துச் சோதிக்கச் சொல்கின்றனர்.

குணம் தெரிந்தால் போதுமா?

சூடு, குளிர்ச்சி என்ற பகுப்பு, உணவில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்பதை அளப்பதில்லை. ஆபத்து அங்குதான் இருக்கிறது.

டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் தயாரிக்காது, உணவிலிருந்தே பெறவேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பதை 1987ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பார்வையும் பறிபோகலாம். டாரின் நீரில் கரையும் என்பதால், இறைச்சியை வேகவைத்த நீரைக் கொட்டினால் அதுவும் போய்விடும்.

அதேபோல, எலும்பு நீக்கிய இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் அதிகம். நாயின் உணவிலோ கால்சியம் குறைந்தது பாஸ்பரசுக்குச் சமமாகவாவது இருக்கவேண்டும். வெறும் இறைச்சியும் சோறும் தின்று வளரும் குட்டியின் எலும்பு வலுவிழந்து, எளிதில் முறியும்.

இது அரிதான தவறன்று. வீட்டில் சமைப்பதற்கான 200 நாய் உணவுக் குறிப்புகளைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2013ல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 95 விழுக்காட்டுக் குறிப்புகளில் ஏதேனும் ஓர் அத்தியாவசியச் சத்து குறைவாக இருந்தது.

நமக்கு நல்லது, அவற்றுக்கு நஞ்சு

உடல் தேற நாம் குடிக்கும் சூப்பிலும் வீட்டுக் குழம்பிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இவை நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். அறிகுறி தெரியச் சில நாள்கள் ஆகலாம். ஈறு வெளுத்தல், சோர்வு, சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லவேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை.

என்ன செய்யலாம்?

சத்துக் கணக்கை முதலில் சரிசெய்துவிட்டு, அதற்குள் சீன மரபின்படி பொருள்களைத் தேர்ந்தெடுக்கலாம். சரிவிகிதமான உணவில் கோழியா வாத்தா என்பது வளர்ப்பவரின் விருப்பம்.

* கடை உணவு வாங்கும்போது, அது முழுமையான சமச்சீர் உணவு என்று உறையில் குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். டின் உணவுகளில் பல, துணை உணவாக மட்டுமே தயாரிக்கப்பட்டவை.
* சீன மரபுப்படி கூடுதலாகக் கொடுக்கும் எதுவும், மற்றத் தின்பண்டங்களையும் சேர்த்து, நாளின் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.
* முழுவதும் வீட்டில் சமைத்துக் கொடுப்பதானால், கால்நடை மருத்துவரிடம் அளவுகளைக் கேட்டு எழுதிவாங்குவது நல்லது.
* மூலிகை கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். ஏற்கெனவே மருந்து உட்கொள்ளும் பிராணிக்கு இது மிக முக்கியம்.

தட்டில் வைத்ததைத் தின்பதைத் தவிர நாய்க்கும் பூனைக்கும் வேறு வழியில்லை. அதில் என்ன குறைகிறது என்று பார்ப்பது நம் பொறுப்பு.