தொலைநோக்கியின் பெட்டியில் எழுதியிருப்பது

தொலைநோக்கியைக் கண்டதும் மாணவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஐயா, இஃது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்?" என்பதே. என் ஆசிரியப் பணிக் காலத்தில் இக்கேள்வியைப் பன்முறை கேட்டிருக்கிறேன். இயற்கையான கேள்விதான், ஆயினும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. "இதன் முகப்பு எத்தனை அகலம்?" என்று கேட்பதே முறை. அதற்குக் காரணம் யாது என்பதை இன்று ஆராய்வோம்.

எளிய தொலைநோக்கியில் இரண்டு வில்லைகள் உள்ளன. வானை நோக்கி நிற்பது பொருளருகு வில்லை. நாம் கண்ணை வைத்துப் பார்ப்பது கண்ணருகு வில்லை. கடைக்காரர்கள் இதனை 'ஐபீஸ்' என்பர். முன்னதன் விட்டமே துளைவிட்டம் எனப்படும். பொருளருகு வில்லைக்குப் பதிலாகக் குழியாடியை அமைத்த தொலைநோக்கிகளும் உண்டு. 1668ஆம் ஆண்டில் நியூட்டன் செய்தது அவ்வகையைச் சார்ந்ததே. வில்லையாயினும் ஆடியாயினும் அதன் தலையாய வேலை ஒளியைத் திரட்டுவது.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் மிகுந்த நீர் சேரும்? வாய் அகன்ற அண்டாவில் அன்றோ? ஒளியும் அவ்வாறே. நன்கு இருட்டிய பின் நம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். 70 மில்லிமீட்டர் துளைவிட்டமுள்ள தொலைநோக்கி விட்டத்தில் அதைப்போற் பத்து மடங்கு. பரப்பில் நூறு மடங்கு. ஆகவே கண்ணுக்கு எட்டும் ஒளியைப்போல் நூறு மடங்கை அது சேர்த்துத் தருகிறது. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அது திரட்டும் ஒளி கண் திரட்டுவதைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்! வானியலார் பேரளவான ஆடிகளை நாடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

துளைவிட்டத்தால் வரும் மற்றொரு நன்மை பகுதிறன். அதாவது, நெருங்கிய இரு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல். மணமக்களுக்கு அருந்ததி காட்டும் வழக்கத்தை அறிவீர்கள். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் என்ற விண்மீனை அடுத்து மங்கலாகத் தோன்றுவதே அருந்ததி. கூரிய கண்ணினர் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பர். ஆனால் வசிட்டரும் ஒரு மீன் அன்று; ஒரு சிறு தொலைநோக்கியில் அது தெளிவாக இரண்டாகப் பிரிந்து நிற்கும். முதன்முறை இதைக் காணும் பிள்ளைகளின் முகமலர்ச்சி காணத்தக்கது.

இனி உருப்பெருக்கத்திற்கு வருவோம். பொருளருகு வில்லை தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தை எத்தனை தூரத்தில் குவிக்கிறதோ அதுவே அதன் குவியத் தூரம். அதனைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 700ஐ 20ஆல் வகுத்தால் 35. கண்ணருகு வில்லையை மாற்றி 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 70. ஆகவே உருப்பெருக்கம் தொலைநோக்கிக்கு உரிய நிலையான குணமன்று. நாம் வேண்டியவாறு மாற்றத்தக்கது. பொருளருகு வில்லையின் குவியத் தூரத்தைத் துளைவிட்டத்தால் வகுத்து வருவது குவிய விகிதம். 700ஐ 70ஆல் வகுக்க 10. புகைப்படம் எடுப்பவர்க்கு இது மிக வேண்டுவது. கண்ணாற் பார்ப்பவர் அதுபற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

மாணவன் ஒருவன் பல மாதங்கள் காசு சேர்த்து வாங்கிய தொலைநோக்கியை என்னிடம் கொண்டு வந்தான். பெட்டியில் '525 மடங்கு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. சனிக்கோளை நோக்கினால் கலங்கிய நீரிற் கண்ட விளக்கைப்போல் ஏதோ தெரிந்தது. கண்ணருகு வில்லை 4 மில்லிமீட்டர். 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதனுடன் மும்மடங்காக்கும் துணைவில்லையையும் சேர்த்தால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் துளைவிட்டம் 70 மில்லிமீட்டரே! ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது அனுபவத்திற் கண்ட வரம்பு; இங்கே அது 140. அதற்கு மேற்பட்டால் பிம்பம் பெரிதாகுமேயன்றிப் புதிய நுட்பம் எதுவும் தோன்றாது. அன்றியும் 35 மடங்கிலிருந்து 525க்குப் போனால் அதே ஒளி 225 மடங்கு பரப்பில் பரவி மங்கிவிடும். காற்றின் அசைவும் தாங்கியின் நடுக்கமும் உடன் பெருகும். துணைவில்லையைக் கழற்றி 20 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினேன். சனி சிறிதாகத்தான் தெரிந்தது. ஆனால் வளையம் தனித்து விளங்கிற்று. பையன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கத்தில்தான் என்று அவனுக்குச் சொன்னேன்.

உடனே தொலைநோக்கி வாங்க இயலாதவர் பைனாகுலரில் தொடங்கலாம். அதன்மேல் '7 பெருக்கல் 50' என்றிருந்தால் முன்னது உருப்பெருக்கம், பின்னது மில்லிமீட்டரில் துளைவிட்டம். நிலவின் பள்ளங்களையும் கார்த்திகைக் கூட்டத்தின் எண்ணற்ற மீன்களையும் அதிலேயே காணலாம். கை நடுங்காதிருக்க முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொள்க. எந்தக் கருவியானாலும் உரிய சூரிய வடிகட்டியை அதன் முகப்பிற் பொருத்தாமல் கதிரவனை நோக்கலாகாது. நூறு மடங்கு ஒளியைத் திரட்டும் வில்லை கண்ணை நொடியில் கெடுத்துவிடும்.