வைத்தியசாலை ஸ்தம்பிக்கும் நாட்களில்

தெற்கே மதுராந்தகம் அரசு மருத்துவமனையும், வடக்கே பாலாற்றைக் கடந்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் என்று, சாதாரண ஜனங்களின் வைத்தியம் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. சாலை ஒன்றையே நம்பி நடந்துவரும் கருங்குழிச் சுற்றுவட்டாரத்தில், "இன்றைக்கு டாக்டர்கள் ஸ்டிரைக்காம், ஆஸ்பத்திரியே கிடையாதாம்" என்ற பேச்சு காலைப் பஸ்ஸில் ஏறிவிட்டால், வண்டி படாளத்தை அடைவதற்குள் பலர் வீடு திரும்பத் தீர்மானித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நம்பியவர்களுக்கு அது உயிராபத்தாகவே முடியக்கூடும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகளையே பார்ப்போம். காலமுறை ஊதிய உயர்வு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பணியிடங்கள், மேற்படிப்பில் இடஒதுக்கீடு முதலிய கோரிக்கைகளை முன்வைத்து அரசு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு 2019 அக்டோபர் 25ஆம் தேதி தொடங்கிய காலவரையற்ற வேலைநிறுத்தம் நவம்பர் 1ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது. கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதைக் கண்டித்து, இந்திய மருத்துவச் சங்கம் 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி காலை 6 மணி முதல் 24 மணி நேரம் தேசமெங்கும் பணியைப் புறக்கணித்தது. அதே ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிலிருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டபோது, தமிழகத்து மருத்துவர்கள் மறுபடியும் கொதித்தெழுந்தார்கள். உயிருக்கு அஞ்சிக்கொண்டு எவராலும் பிறர் உயிரைக் காக்க இயலாதாகையால், அவர்களுடைய ஆவேசத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும் இத்தகைய போராட்டங்களில் வழக்கமாக நின்றுபோவது, ஓ.பி. என்று நாம் சொல்லும் புறநோயாளிப் பிரிவும், முன்கூட்டியே நாள் குறித்த அறுவைச் சிகிச்சைகளும்தாம். விபத்துப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை ஆகியவை இயங்கிக்கொண்டேயிருக்கும். ஆகவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வயலில் பாம்புக்கடி போன்றவை நேரும்போது, வேலைநிறுத்தம் என்ற பேச்சைக் காதில் வாங்காமல் 108-ஐ அழைத்துப் புறப்பட்டுவிட வேண்டும். வாய் கோணி ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்துவிட்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "நாளைக்கு ஸ்டிரைக் முடிந்துவிடும், போகலாம்" என்று காத்திருப்பவர் அந்த அவகாசத்தையே இழந்துவிடுகிறார். சாலை விபத்தென்றால், மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசாங்கமே செலவை ஏற்றுக்கொள்கிறது.

அவசரத்தில் வருகிறவர்களைக் காட்டிலும், மாதந்தோறும் மாத்திரை வாங்கிச் செல்லும் சர்க்கரை வியாதிக்காரர்களும், ரத்தக்கொதிப்புக்காரர்களும், வலிப்பு நோயாளிகளுமே இந்நாட்களில் சத்தமில்லாமல் துன்பப்படுகிறவர்கள். கையிருப்பு முற்றிலும் தீர்ந்த பிறகே மருந்துக்குப் புறப்படும் வழக்கத்தை அவர்கள் விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்காவது மாத்திரை மீதமிருக்கும்போதே போய்வருவது உத்தமம். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதால், மருந்தின் பெயர் அச்சிட்ட துண்டு முதலிலேயே குப்பைக்குப் போய்விடுகிறது. பெயரும் அளவும் தெரியும் அந்தத் துண்டைக் கடைசி மாத்திரை வரையில் ஓ.பி. சீட்டோடு பத்திரப்படுத்திவைத்தால், வேறெந்த ஆஸ்பத்திரியிலும் அதைக் காட்டி மருந்து கேட்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களிடமோ, 104 என்ற எண்ணிலோ விசாரித்தறிவதும் நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் நிலைமை இன்னும் கடினமானது. அவர்களுக்கு ஒரு முறை தவறுவதும் ஆபத்து. மாற்று மையத்தை அன்றே ஏற்பாடு செய்யும்படி தாங்கள் செல்லும் பிரிவிலேயே கேட்க வேண்டும். அதுவரை தண்ணீரை அளந்து குடிப்பதோடு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று உறவினர் அன்போடு வெட்டித்தரும் இளநீரையும் அறவே ஒதுக்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

வேலைநிறுத்தம் இல்லாமலேயே சேவை தடைப்படுவதும் உண்டு. 2021 மே 4ஆம் தேதி இரவு, கொரோனாவின் இரண்டாம் அலையில், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆக்ஸிஜன் போதாமையே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள், தட்டுப்பாடு இருக்கவில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த இரவை இவ்வட்டாரம் மறப்பதற்கில்லை. வீட்டிலேயே ஆக்ஸிஜன் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள், 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல்களின் எச்சரிக்கை வெளியானவுடனேயே, மின்சாரம் அறுபடும் வரை காத்திராமல், மாற்று சிலிண்டருக்கோ மருத்துவமனைக்கோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அவசர நிலையில் வந்தவரை "படுக்கை இல்லை" என்று திருப்பியனுப்ப அரசு மருத்துவமனைக்கு உரிமை கிடையாது. மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் ஷரத்து வழங்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, அவருக்கு நஷ்டஈடும் கொடுக்கச் செய்தது. திருப்பியனுப்புவதாகச் சொன்னால், முதலுதவி செய்து, எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேட்க வேண்டும். கை ஓங்குவது குற்றம் என்பதோடு, 2008ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்கும் உரியது.

போராட்டம் முடிந்த மறுநாள் ஓ.பி.யில் கூட்டம் இரட்டிப்பாக இருக்குமாதலால், பொறுக்கக்கூடிய உபாதை உள்ளவர்கள் இரண்டொரு நாள் கழித்துப் போவது அவர்களுக்கும் பிறருக்கும் சௌகரியம். ஆனால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனவர்கள் அப்படித் தாமதிக்கக் கூடாது. புதிய தேதியை மருத்துவமனையே சொல்லியனுப்பும் என்று வீட்டில் காத்திராமல், பழைய சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு, தங்களுக்கு நாள் குறித்த பிரிவுக்கே நேரில் சென்று, வேறு தேதியைக் கேட்டு அதே சீட்டில் எழுதி வாங்கிவர வேண்டும்.