வி.எஃப்.டி. மாட்டினால் எர்த் குழி மட்டும் போதாது

சொட்டுநீர் போட்டிருக்கும் நம் உழவர்கள் பலர் இப்போது மோட்டாருக்கு வி.எஃப்.டி. வாங்குகிறார்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி இது. இரண்டு வால்வு திறந்தாலும் ஐந்து வால்வு திறந்தாலும் அழுத்தம் ஒரே அளவில் நிற்கும். ஊற்று குறைந்த போரில் தண்ணீர் ஊறுகிற அளவுக்கு மெதுவாக இறைக்கலாம். நல்ல கருவிதான். ஆனால் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிய இடத்தில் இதை மாட்டி, பழைய எர்த் கம்பியையே முறுக்கிவிடுவது ஆபத்து. மின்வாரிய மும்முனை இணைப்பில் ஓடும் வி.எஃப்.டி.க்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

குழியும் வேணும், தடுப்பானும் வேணும்

"எர்த் போட்டாச்சு, கசிந்தால் ஃபியூஸ் போயிடும்" என்று பலரும் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேஸ் 230 வோல்ட். எர்த் குழியின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் கம்பி மோட்டார் உடம்பில் பட்டால் அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 32 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது. பெட்டியிலும் மோட்டாரிலும் இரும்புக் குழாயிலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். கிணற்றில் குளிக்கும் பிள்ளைக்கும் வால்வு திருகும் கைக்கும் அதுதான் எமன்.

இதைப் பிடிப்பது ஆர்.சி.சி.பி. என்கிற மின்கசிவுத் தடுப்பான். வங்கியில் மாலையில் கல்லா சரிபார்க்கிற மாதிரிதான்: போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஒத்துப்போகவில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். 300 மில்லி ஆம்பியர் தடுப்பான் என்றால், 10 ஓம் குழியோடு சேரும்போது உடம்பில் 3 வோல்ட் ஏறும்போதே வேலை செய்யும். வி.எஃப்.டி.யின் கசிவில் டி.சி. மின்சாரமும் கலந்து வரலாம் என்பதால், மும்முனைக்குச் சாதாரணத் தடுப்பான் போதாது. 'பி' வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 300 மில்லி ஆம்பியர் தடுப்பான், ஃபேஸ் கம்பியை நேரடியாகத் தொட்டவரைக் காப்பாற்றாது.

எர்த் கம்பி

வி.எஃப்.டி. நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதனால் எல்லாம் நன்றாக இருக்கும்போதே கொஞ்சம் மின்சாரம் எர்த் கம்பி வழியே ஓடும், 3.5 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதும் உண்டு. கம்பி அறுந்திருந்தால், தொடுகிற ஆள் வழியாக அது போகும். எனவே 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அல்லது தனித்தனியாக இரண்டு எர்த் கம்பிகள் தேவை.

மோட்டார் உடம்பிலிருந்து எர்த் கம்பி, மூன்று ஃபேஸ் கம்பிகளோடு சேர்ந்தே வி.எஃப்.டி.யின் எர்த் முனைக்குத் திரும்ப வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரின் தட்டைக் கேபிளில் பெரும்பாலும் மூன்று கம்பிகள்தான் இருக்கும். பி.வி.சி. கேசிங்கும் ஹெச்.டி.பி.இ. குழாயும் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே நான்காவது கம்பியையும் சேர்த்து இறக்குங்கள். நியூட்ரலை எர்த்தாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

குழியில் உப்பு வேண்டாம்

கரியும் உப்பும் போடுவது பழைய வழக்கம். உப்பு நம் மண்ணுக்கும் ஆகாது, ஜி.ஐ. குழாயையும் அரிக்கும். பென்டோனைட் களிமண் போடலாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழாய் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. கை கால் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் குழி இருந்தால் கோடையிலும் காயாது.

செய்யக் கூடாதவை

* வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் கெபாசிட்டரோ பழைய ஸ்டார்ட்டரோ இருக்கக் கூடாது.
* மெயினை அணைத்த உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே 500 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். கையேட்டில் சொன்ன நேரம், குறைந்தது 10 நிமிடம், பொறுங்கள்.
* வி.எஃப்.டி.யைக் கழற்றாமல் மோட்டாருக்கு மெகர் வைத்தால் கருவி போய்விடும்.
* போர் ஆழமாக இருந்து கேபிள் நீண்டால், மோட்டார் முனையில் மின்னழுத்தம் எகிறி சுருள் கெடும். வெளியீட்டு ஃபில்டர் வேண்டுமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை தடுப்பானின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை குழியின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். வயர்மேன் "அதெல்லாம் வேணாங்க" என்று சொன்னால், மேலே போட்ட 23 ஆம்பியர் கணக்கைக் காட்டுங்கள்.